இலவச குவில்ட் பேட்டர்ன்கள்: எந்தத் தளத்தை நம்பித் துணியில் கத்தி வைக்கலாம்?

துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வைதான் குவில்ட்; வெட்டும் அளவும் தைக்கும் முறையும் சொல்லும் தாள்தான் பேட்டர்ன். இலவசமாகக் கிடைத்த பேட்டர்ன் தப்பாக இருந்தால் நஷ்டம் பேட்டர்னில் இல்லை, துணியில்தான். காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம். வெட்டிய துணியை மறுபடி ஒட்ட முடியாது. அதனால் படம் அழகாக இருக்கிறதா என்பதை வைத்து ஒரு தளத்தை மதிப்பிடுவதில் பயனில்லை. துணிக் கணக்கு சரியாக இருக்கிறதா, வெட்டு அளவுப் பட்டியல் தனியாகக் கொடுத்திருக்கிறார்களா, தைத்து முடித்த ஒவ்வொரு துண்டும் என்ன அளவில் வரவேண்டும் என்று நடுநடுவே சொல்கிறார்களா, தவறு தெரிந்தபின் திருத்தம் போடுகிறார்களா: இந்த நான்கையும்தான் பார்க்க வேண்டும். இதில் மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். "இந்த இடத்தில் உங்கள் துண்டு 4½ அங்குலம் இருக்க வேண்டும்" என்று ஒரு வரி இருந்தால், இருபது பிளாக்கும் (திரும்பத் திரும்ப வரும் சதுரக் கட்டங்கள்) தைத்தபிறகு தெரியவேண்டிய பிழை முதல் பிளாக்கிலேயே தெரிந்துவிடும்.

துணி நிறுவனங்களின் தளங்கள்

இலவச பேட்டர்ன் அதிகமாகக் கிடைப்பது துணி தயாரிப்பவர்களிடம்தான். ராபர்ட் காஃப்மன், ஆர்ட் கேலரி ஃபேப்ரிக்ஸ், ரைலி பிளேக் மாதிரியான நிறுவனங்கள் புதிய துணி வரிசை வரும்போது அதோடு சேர்த்துப் பேட்டர்னையும் பிடிஎஃப்பாக வெளியிடுகின்றன. படங்கள் துல்லியமாக இருக்கும், துணிகளுக்கு அ, ஆ, இ என்கிற மாதிரி எழுத்துக் குறியும் இருக்கும். சிக்கல் ஒன்றுதான்: அந்தத் துணி வரிசை ஒரு பருவம் கழித்து எங்குமே கிடைக்காது. புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் இங்கேதான் மனம் தளர்ந்துபோகிறார்கள். பேட்டர்னைக் கைவிட வேண்டியதில்லை. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எந்த எழுத்து அடர்த்தி, எது நடுத்தரம், எது வெளிர் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு, கையில் இருக்கும் துணியை அந்த வரிசையில் வைத்தால் போதும். குவில்டின் வடிவத்தைக் காட்டுவது பூப்போட்ட டிசைன் இல்லை, இந்த ஏற்ற இறக்கம்தான். ராபர்ட் காஃப்மனின் கோனா காட்டன் போன்ற ஒற்றை நிறத் துணிகளுக்கென்று எழுதிய பேட்டர்ன்களில் இந்தத் தலைவலியும் இல்லை. நிறத்தை மாற்றினால் வேலை முடிந்தது. முதல் முறை பதிவிறக்குபவர்கள் இவற்றிலிருந்து ஆரம்பிப்பது நல்லது.

மோடா பேக் ஷாப் வேறு வகை. மோடா நிறுவனத்தின் முன்கூட்டியே வெட்டிய துணிக் கட்டுகளை வைத்துப் பல வடிவமைப்பாளர்கள் எழுதும் பேட்டர்ன்கள் அங்கே இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் படிக்குப் படி புகைப்படம் உண்டு. எழுதுபவர்கள் பலர் என்பதால் தரமும் ஏறி இறங்கும். ஒரே தளத்தில் அருமையான பேட்டர்னும் இருக்கும், பின் துணியின் (குவில்டின் பின்பக்கம் முழுவதும் வரும் துணி) அளவைச் சொல்லாமல் விட்டதும் இருக்கும். கட்டு வாங்காமலே இவற்றைத் தைக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. 2½ அங்குலப் பட்டிகள் 40 கொண்ட ஜெல்லி ரோலுக்குப் பதிலாகச் சொந்தத் துணியை வெட்டினால் மொத்தம் 100 அங்குல நீளம் வேண்டும், அதாவது 2¾ கெஜத்துக்குக் கொஞ்சம் மேலே. 5 அங்குலச் சதுரங்கள் 42 கொண்ட சார்ம் பேக்குக்கு 30 அங்குலம் போதும். 10 அங்குலச் சதுரங்கள் 42 கொண்ட லேயர் கேக்குக்கு 110 அங்குலம், மூன்று கெஜத்தைச் சற்றுத் தாண்டும். மூன்றுமே பயன்படும் அகலம் 40 அங்குலம் என்று வைத்துப் போட்ட கணக்கு. கட்டையே வாங்கினால், விளிம்பு பல் பல்லாக வெட்டியிருக்கும். சொன்ன அளவு பல்லின் நுனிவரைக்குமா, பள்ளம்வரைக்குமா என்று ஒரு துண்டை அளவுகோலில் வைத்துப் பார்த்துவிடுங்கள். நுனிவரை என்றால் நுனியை ஒட்டித்தான் தையலுக்கு விடும் கால் அங்குலத்தைக் கணக்கிட வேண்டும்.

வீடியோவும் பழந்துணியும்

மிசூரி ஸ்டார் குவில்ட் கம்பெனி 2008இல் தொடங்கிய நிறுவனம். ஜென்னி டோன் நடத்தும் யூடியூப் பாடங்கள் இலவசம், எழுதி அச்சிட்ட பேட்டர்ன் விலைக்கு. ஒரு பிளாக்கை எப்படித் தைப்பது என்று கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள இதைவிட எளிதான இடம் இல்லை. ஆனால் வீடியோவை மட்டும் வைத்துக்கொண்டு முழு குவில்ட் தைக்க நினைத்தால், அளவுகளைப் பேச்சுக்கு நடுவில் பிடித்துத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பார்டர், பின் துணி, ஓரப் பட்டி ஆகிய மூன்றின் அளவும் பெரும்பாலும் கடைசி சில நிமிடங்களில்தான் வரும். முழுதாக ஒருமுறை பார்த்துக் குறிப்பெடுத்தபின் கத்தியை எடுப்பதே முறை.

மிச்சத் துணியில் தைப்பவர்களுக்கு பானி ஹன்டரின் குவில்ட்வில் தளம். இலவசப் பக்கத்தில் உள்ளவை எல்லாமே சின்னச் சின்னத் துண்டுகளை நம்பி எழுதியவை. "இத்தனை கெஜம்" என்பதைவிட "இந்த அகலத்தில் இத்தனை பட்டி, வெளிரும் அடர்த்தியும் கலந்து" என்கிற பாணியில்தான் கணக்கு ஓடும். துண்டுகளின் எண்ணிக்கை அதிகம், ஒரு பிளாக்கில் பொறுமை நிறைய வேண்டும். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் துண்டு என்ன அளவில் வரவேண்டும், தையலை எந்தப் பக்கம் மடக்கி இஸ்திரி போட வேண்டும் என்பது தெளிவாக இருக்கும். இலவசமாகக் கிடைப்பவற்றில் இந்த அக்கறை அபூர்வம். ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் அங்கே ஒரு மர்ம குவில்ட், முழு வடிவத்தை முன்கூட்டிக் காட்டாமல், பகுதி பகுதியாக வரும். குறிப்பிட்ட காலம் வரைதான் அது இலவசம், பிறகு விலைக்குப் போய்விடும். தைக்கிற எண்ணம் இப்போது இல்லையென்றாலும் வெளியான அன்றே சேமித்து வைப்பது நல்லது.

இப்படிப் பகுதி பகுதியாக வரும் எல்லா இலவசத் திட்டங்களுக்கும் ஒரு பொதுவான எச்சரிக்கை. துணிக் கணக்கு முதலில் வந்துவிடும், வெட்டு அளவு மாதாமாதம் வரும். கணக்கைச் சரிபார்க்க வழியே இல்லை. பின்னணித் துணியை (முன்பக்கத்தில் வடிவத்தைச் சுற்றி வரும் துணி) மட்டும் அரைக் கெஜம் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

துணிக் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி

எந்தத் தளத்திலிருந்து எடுத்தாலும் வெட்டுவதற்கு முன் பத்து நிமிடக் கணக்கு ஒன்று உண்டு. எடுத்துக்காட்டுக்கு எல்லா இடத்திலும் கிடைக்கும் ஓஹையோ ஸ்டார் பிளாக்கையே எடுத்துக்கொள்வோம். மூன்றுக்கு மூன்று கட்டம். நடுவில் நட்சத்திரத் துணியில் ஒரு சதுரம், நான்கு மூலையில் பின்னணிச் சதுரம், மீதி நான்கு கட்டத்தில் கால் முக்கோணங்கள், அதாவது ஒரு சதுரத்தை இரு மூலைவிட்டத்திலும் வெட்டினால் கிடைக்கும் நான்கு முக்கோணங்கள். தைத்து முடித்த பிளாக் 12 அங்குலம், கட்டம் ஒவ்வொன்றும் 4 அங்குலம். இருபது பிளாக் சேர்ந்தால் 48க்கு 60 அங்குல குவில்ட்.

மூலைச் சதுரங்களை, தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் சேர்த்து, 4½ அங்குலத்தில் வெட்ட வேண்டும். பிளாக்குக்கு நான்கு, மொத்தம் 80. கால் முக்கோணங்களுக்கு முடிந்த அளவோடு 1¼ சேர்த்து 5¼ அங்குலச் சதுரம். பின்னணியில் பிளாக்குக்கு இரண்டு, மொத்தம் 40. இனி துணியின் அகலத்தில்தான் விஷயம் இருக்கிறது. 40 அங்குலம் பயன்படும் என்றால் ஒரு பட்டியில் 4½ அங்குலச் சதுரம் எட்டுதான் வரும், ஒன்பதுக்கு 40½ வேண்டும். ஆக 10 பட்டி, 45 அங்குலம். 5¼ அங்குலச் சதுரம் பட்டிக்கு ஏழு, ஆறு பட்டி, 31½ அங்குலம். மொத்தம் 76½ அங்குலம். அதையே 42 அங்குல அகலத்துக்குப் போட்டால் முதலாவது 9 பட்டி, இரண்டாவது 5 பட்டி, மொத்தம் 66¾ அங்குலத்தில் முடிந்துவிடும்.

பேட்டர்னில் "பின்னணி 2 கெஜம்" என்று போட்டிருந்தால் அது 72 அங்குலம். 42 அங்குலக் கணக்குப்படி தாராளம். ஆனால் துணியின் கரையை வெட்டியபின் 40 அங்குலமே மிஞ்சுகிறவருக்கு 4½ அங்குலம் குறையும். அதாவது சரியாக ஒரு பட்டி. எட்டுச் சதுரம், இரண்டு பிளாக்கின் மூலைகள். பேட்டர்ன் எழுதியவர் பொய் சொல்லவில்லை, எந்த அகலத்தை வைத்துக் கணக்குப் போட்டோம் என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். இன்னொன்றையும் கவனியுங்கள்: 42 அங்குலத்தில் 5¼ அங்குலச் சதுரம் எட்டு என்பது சரியாக 42. துவைத்து துணி கொஞ்சம் சுருங்கினாலே எட்டாவது சதுரம் வராது. நல்ல பேட்டர்ன் முதல் பக்கத்திலேயே "பயன்படும் அகலம் 40 அங்குலம்" என்று எழுதிவிடும். அந்த வரி இல்லாத பேட்டர்னுக்கு நீங்களே 40 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஓரப் பட்டிக்கும் பின் துணிக்கும் இதே மாதிரிதான். இந்த குவில்டின் சுற்றளவு 216 அங்குலம், மூலைக்கும் இணைப்புக்கும் 10 சேர்த்து 226. 2½ அங்குலப் பட்டி ஆறு போதும், 15 அங்குலத் துணி. பின் துணி நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக, 56க்கு 68. இணைப்பை அகலவாக்கில் வைத்தால் 56 அங்குலத் துண்டு இரண்டு, 112 அங்குலம். நீளவாக்கில் வைத்தால் 68 அங்குலம் இரண்டு, 136. எந்தப் பக்கம் இணைப்பது என்று சொல்லாத பேட்டர்னில் 24 அங்குலத் துணி வீணாகும் வாய்ப்பு இருக்கிறது.

முக்கோண அளவுகளில் வரும் பிழைகள்

இலவசப் பேட்டர்ன்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பிழை அரைச் சதுர முக்கோணத்தில் இருக்கும். இரண்டு சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைவிட்டக் கோட்டின் இரு பக்கமும் கால் அங்குலம் விட்டுத் தைத்து வெட்டும் முறைதான் இது. முடிந்த அளவு 4 அங்குலம் வேண்டுமென்றால் 4⅞ அங்குலச் சதுரம் வெட்ட வேண்டும். சிலர் சாதாரணச் சதுரம் என்று நினைத்து 4½ என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி வெட்டினால் முடிந்த அளவு 3⅝ அங்குலம்தான் வரும், பக்கத்துச் சதுரத்தோடு சேரவே சேராது. தைப்பவர் தன் தையல்தான் கோணல் என்று நினைத்துப் பிரித்துப் பிரித்துத் தைப்பார். 5 அங்குலத்தில் வெட்டி, தைத்தபின் 4½ அங்குலத்துக்குச் சீராக்கச் சொல்லும் பேட்டர்ன்தான் நம்பத்தகுந்தது. தையலில் வரும் சின்ன வித்தியாசத்தை அந்தக் கூடுதல் துணி ஏற்றுக்கொள்ளும்.

பறக்கும் வாத்து எனப்படும் ஃப்ளையிங் கீஸ் நான்கை ஒரே தடவையில் தைக்கும் முறைக்கு, பெரிய சதுரம் முடிந்த அகலத்தோடு 1¼, சிறிய சதுரங்கள் நான்கும் முடிந்த உயரத்தோடு ⅞. 3க்கு 6 அங்குலம் வேண்டுமென்றால் 7¼ அங்குலம் ஒன்று, 3⅞ அங்குலம் நான்கு. இந்த மூன்று விதியையும் மனத்தில் வைத்திருந்தால் எந்தப் பேட்டர்னின் வெட்டுப் பட்டியலையும் ஒரு பார்வையில் சரிபார்த்துவிடலாம்.

அங்குலத்தில் எழுதிய பேட்டர்னை சென்டிமீட்டருக்கு மாற்றுவது வேண்டாத வேலை. தையலுக்கு விடும் கால் அங்குலமான 6.35 மில்லிமீட்டரை 6 என்றோ 7 என்றோ மாற்றும்போது பத்துத் தையலில் பிளாக்கே மாறிவிடும். அங்குல அளவுகோல் ஒன்று வைத்துக்கொள்வதே சரி.

அச்செடுக்கும்போது

காகித அடித்தையல் பேட்டர்ன்கள், அதாவது காகிதத்தின் மேலேயே கோட்டைப் பார்த்துத் தைக்கும் எஃப்பிபி வகை, இலவசமாக ஏராளம் கிடைக்கின்றன. இவற்றில் கெட்டுப்போவது பெரும்பாலும் அச்சில்தான். பல கோப்புகள் 8½க்கு 11 அங்குல லெட்டர் தாளுக்குச் செய்தவை. ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம். அச்சுப்பொறி தானாகவே "தாளுக்குப் பொருத்து" என்று எடுத்துக்கொண்டால் எல்லாமே 97 சதவீதமாகச் சுருங்கும். 12 அங்குல பிளாக் 11⅝ அங்குலம் ஆகிவிடும். கோப்பில் ஓர் அங்குலச் சோதனைச் சதுரம் இருக்கும், ஆனால் அதில் குறைவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. அதனால் பக்கத்திலேயே நீளமான கோட்டை அளந்து பாருங்கள். 15 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய கோடு 14.6 என்று காட்டினால் சுருங்கிவிட்டது என்று அர்த்தம். பிரவுசரிலிருந்து நேராக அச்சிடாமல், கோப்பைப் பதிவிறக்கி, பிடிஎஃப் படிப்பானில் திறந்து, 100 சதவீதம் அல்லது ஆக்சுவல் சைஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லாத் தாளையும் ஒரே அச்சுப்பொறியில், ஒரே தடவையில் எடுப்பது நல்லது.

எஃப்பிபியில் முடிந்த வடிவம் காகிதத்தில் தெரிவதற்குக் கண்ணாடி பிம்பமாக வரும் என்பது நினைவிருக்கட்டும். எழுத்து, ஒரு பக்கம் பார்க்கும் பறவை மாதிரியான வடிவங்களில் பேட்டர்ன் எழுதியவர் ஏற்கெனவே திருப்பிவிட்டாரா என்று முதலில் பார்க்க வேண்டும். தையல் நீளம் 1.5 மில்லிமீட்டர், ஊசி 90/14 என்று வைத்தால் காகிதம் சுலபமாகக் கிழிந்து வரும். இலவசக் கோப்புகளில் பெரும்பாலும் இல்லாதது ஒவ்வொரு எண்ணிட்ட பகுதிக்கும் எவ்வளவு துணி வெட்ட வேண்டும் என்ற பட்டியல். அது இல்லாதபோது கைக்கு வந்த துண்டை வைத்து, மடக்கிப் பார்த்தால் ஒரு மூலை மூடாது. பகுதியின் நீள அகலத்தை அளந்து இரு பக்கமும் ஓர் அங்குலம் கூட்டி வெட்டிக்கொண்டால் அந்தத் தொல்லை இருக்காது.

எப்போது காசு கொடுக்கலாம்

சதுரமும் நேர்ப்பட்டியும் மட்டும் உள்ள குவில்டுக்குக் காசு கொடுத்துப் பேட்டர்ன் வாங்கத் தேவையில்லை. கட்டத் தாளில் அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம். வளைவுகள், பல அளவுகளில் கணக்குப் போட்டது, எஃப்பிபியில் எல்லாத் துண்டுக்கும் வெட்டுப் பட்டியல் உள்ளது, நிறம் தீட்டிப் பார்க்க வெற்றுப் பக்கம் உள்ளது: இவற்றுக்குக் கொடுக்கும் பணம் நியாயமானது. அந்தக் கணக்கைப் போட்டு, பலரைத் தைக்கச் சொல்லிச் சோதித்துத் திருத்துவது பெரிய உழைப்பு.

எட்ஸி போன்ற சந்தைகளில் வாங்கும்போது விற்பனைப் பக்கத்தில் முடிந்த அளவு, பக்கங்களின் எண்ணிக்கை, துணித் தேவை மூன்றும் எழுதியிருக்க வேண்டும். வாங்கியவர்கள் தைத்துப் போட்ட படம் ஒன்றாவது இருக்க வேண்டும். வடிவமைப்பாளரின் சொந்தத் தளத்தில் திருத்தப் பக்கம் இருந்தால் அது நல்ல அடையாளம். திருத்தம் போடுகிறவர் தன் பேட்டர்னைக் கவனிக்கிறவர். ஆயிரக்கணக்கான பேட்டர்ன் ஒரே கட்டாக அடிமாட்டு விலைக்கு என்று வந்தால் வாங்காதீர்கள். அவ்வளவையும் ஒருவர் எழுதியிருக்க முடியாது. பெரும்பாலும் பிறர் உழைப்பைத் திருடிச் சேர்த்தவை.

செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய குவில்ட் படத்தைப் போட்டு விற்பதும் இப்போது பெருகிவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே மாதிரி இருக்க வேண்டிய இரண்டு பிளாக்கில் நட்சத்திர முனைகளின் எண்ணிக்கை மாறுகிறதா? ஒரு தையல் கோடு துணியின் நடுவில் எங்கும் சேராமல் நின்றுவிடுகிறதா? மூன்று நிறம் ஒரே துண்டில் கரைந்து கலக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அப்படி ஒரு குவில்டை யாரும் தைத்ததில்லை, தைக்கவும் முடியாது. பின்பக்கப் படமோ, ஒரு பிளாக்கின் நெருக்கப் படமோ கேட்டால் விற்பவர் கொடுக்க மாட்டார்.

பழைய பிளாக்குகளை நீங்களே வரைந்துகொள்ள

ஒன்பது கட்டம், லாக் கேபின், ஓஹையோ ஸ்டார் போன்ற பாரம்பரிய பிளாக்குகள் யாருக்கும் சொந்தமில்லை. அவற்றை வைத்து ஒருவர் எழுதிய விளக்கமும் வரைபடமும்தான் அவருக்கு உரியவை. இலவச பிடிஎஃப்பையும் பிறருக்கு அனுப்பாமல் இணைப்பை அனுப்புவதே முறை.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் நடத்தும் குவில்ட் இண்டெக்ஸ் தளத்தில் பல்லாயிரம் பழைய குவில்டுகளின் படங்கள் இருக்கின்றன. தைக்கும் முறை இருக்காது, பார்த்து வரையலாம். கான்சஸ் சிட்டி ஸ்டார் நாளிதழ் 1928 முதல் 1961 வரை வெளியிட்ட பேட்டர்ன்களின் பிரதிகளும் இணையத்தில் சுற்றுகின்றன. இந்தக் காலத்துப் பேட்டர்ன்கள் பலவற்றில் தையலுக்கு விடும் கால் அங்குலம் சேர்க்கப்பட்டிருக்காது, ஸ்கேன் செய்ததில் அளவும் மாறியிருக்கும். வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அளவைப் புதிதாகப் போடுங்கள்.

வரையும்போது பிளாக் எத்தனை கட்டம் என்று முதலில் எண்ண வேண்டும். மூன்று, நான்கு, ஆறு கட்டங்கள் 12 அங்குலத்தில் சுத்தமாக உட்காரும். ஐந்து கட்டத்துக்கு 10 அங்குலம். கரடிப் பாதம் எனப்படும் பேர்ஸ் பா ஏழு கட்டம். அதை 12 அங்குலத்தில் போட்டால் ஒரு கட்டம் 1.71 அங்குலம், எந்த அளவுகோலிலும் அந்தக் கோடு இல்லை. 10½ அங்குலமாக்கினால் கட்டத்துக்கு 1½, 14 அங்குலமாக்கினால் 2. இரண்டில் ஒன்றை எடுத்து, தேவையில்லாத துணியில் முதலில் ஒரே ஒரு பிளாக் தைத்து அளந்து பாருங்கள். 14 அங்குல பிளாக் ஓரத் தையலுக்கு முன் 14½ அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையலுக்குக் கால் அங்குலத்தைவிட ஒரு நூல் குறைவாக விட்டுத் தைத்து இன்னொன்று செய்து பார்த்தபின் நல்ல துணியை வெட்டலாம்.